மறைவுத் தபால் உறைகள்: முதல் நாள் உறையா, அன்றைய தேதி முத்திரையா?

பெரிய தலைவர் ஒருவர் மறைந்ததையொட்டி வந்த தபால் உறைகளைச் சேர்க்க நினைப்பவர் முன்னால் நாலு வழிகள் இருக்கின்றன. தபால் துறை வெளியிட்ட முதல் நாள் உறைகள், மறைந்த தேதியில் முத்திரை விழுந்த சாதாரணக் கடித உறைகள், நினைவு நாட்களில் வரும் சிறப்பு உறைகள், வெளிநாட்டுத் தலைவர்களின் உறைகள். நாலையும் ஒரே ஆளால் சேர்க்க முடியாது. காசும் போதாது, பொறுமையும் போதாது. வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், ராணிப்பேட்டை என்று பழைய வட ஆற்காட்டுப் பக்கம் இருந்து சேர்ப்பவருக்கு இவற்றில் எது பொருந்தும் என்பதுதான் இங்கே கேள்வி.

முதலில் எல்லோரும் தொடுவது முதல் நாள் உறை. சேகரிப்பவர்கள் எஃப்.டி.சி. என்றே சொல்வார்கள். புதுத் தபால்தலை வெளியாகும் அன்று, அதற்கென்று அச்சிட்ட உறையில் அதை ஒட்டி, அதற்கென்றே செய்த முத்திரையைக் குத்தித் தருவார்கள். நேரு 1964 மே 27 அன்று காலமானார், ஜூன் 12 அன்றே 15 பைசா தபால்தலை வந்துவிட்டது. பதினாறே நாள். லால் பகதூர் சாஸ்திரி தாஷ்கண்டில் 1966 ஜனவரி 11 அன்று மறைந்தார், குடியரசு தினத்தன்று தபால்தலை வந்தது. ஜாகிர் உசேனுக்கு 1969 மே 3இல் இருந்து ஜூன் 11 வரை ஆனது. இந்திரா காந்தி 1984 அக்டோபர் 31, தபால்தலை நவம்பர் 19, அவருடைய பிறந்த நாள். கணினி இல்லாத காலத்தில் படம் தேர்ந்தெடுத்து, வரைந்து, அச்சுக்கு அனுப்பி, நாடு முழுக்கத் தபால் நிலையங்களுக்குக் கொண்டு சேர்த்த வேகம் இது. நேரு உறையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பதினாறு நாள்தான் முதலில் நினைவுக்கு வரும்.

நம் மாநிலத் தலைவர்களுக்கு இந்த வேகம் கிடைக்கவில்லை. அண்ணாவுக்கு முதலாம் நினைவு நாளான 1970 பிப்ரவரி 3, ராஜாஜிக்கும் அதேபோல ஒரு வருடம் கழித்து 1973 டிசம்பர் 25, காமராஜருக்கு அவர் பிறந்த நாளான 1976 ஜூலை 15. பெரியாருக்கு 1978 செப்டம்பர் 17 நூற்றாண்டு விழா வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதனால் அந்த உறைகளை மறைவு உறைகள் என்று சொல்வதைவிட நினைவு உறைகள் என்று சொல்வதே சரி. அஞ்சலிக்கு என்று உடனே வந்தவற்றை மட்டும்தான் சேர்ப்பேன் என்று ஒருவர் வரம்பு போட்டுக்கொண்டால், அண்ணாவும் காமராஜரும் அந்த ஆல்பத்தில் இருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு அப்படி ஓர் ஆல்பம் போட எனக்கு மனம் வராது.

முதல் நாள் உறையின் நல்ல பக்கம், அது எங்கே கிடைக்கும், எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கேட்டலாக்கில் இருக்கிறது, வியாபாரிகளிடம் இருக்கிறது, விலையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். நேரு, சாஸ்திரி, இந்திரா உறைகள் ஏராளமாக அச்சானவை, மாணவர்கள்கூட வாங்கிவிடலாம். அப்துல் கலாமுடையது இன்னும் எளிது. 2015 ஜூலை 27 அன்று மறைந்தார், அக்டோபர் 15 அன்று தபால்தலை வந்தது, சேகரிப்பவர்கள் பலரிடம் கூடுதல் பிரதி இருக்கும். தபால்தலையின் மதிப்பைப் பார்த்தாலே காலம் தெரிந்துவிடும் என்பதும் இந்த வரிசையில் ஒரு சுவை. நேருவுக்கும் சாஸ்திரிக்கும் 15 பைசா, ஜாகிர் உசேனுக்கும் அண்ணாவுக்கும் 20, காமராஜருக்கு 25, இந்திராவுக்கு 50. ஒரு சாதாரண உறை அனுப்ப அந்தந்தக் காலத்தில் என்ன ஆயிற்றோ அதை ஒட்டியே போகிறது.

காந்தியடிகள் உறையைத் தனியாகப் பேச வேண்டும். 1948 ஜனவரி 30 அன்று சுடப்பட்டார், அந்த வருடம் ஆகஸ்ட் 15 அன்று நாலு தபால்தலைகள் வந்தன. ஒன்றரை அணா, மூன்றரை அணா, 12 அணா, 10 ரூபாய். சுவிட்சர்லாந்தில் கூர்வாசியே அச்சகத்தில் அச்சானவை. நாலையும் கூட்டினால் 11 ரூபாய் 1 அணா (அன்று 16 அணா ஒரு ரூபாய்). அன்றைய 10 ரூபாய் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய தொகை என்று யோசித்துப் பாருங்கள். அதை ஓர் உறையில் ஒட்டி முத்திரைக்குக் கொடுத்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அதனால்தான் நாலும் ஒட்டிய உறைக்கு இன்று அவ்வளவு விலை, அதனால்தான் அதில் போலியும் அதிகம். தொடக்கத்திலேயே அதற்கு ஆசைப்பட வேண்டாம். ஒன்றரை அணாவும் மூன்றரை அணாவும் ஒட்டிய உறை போதும். பத்து ரூபாய் உள்ளதை வாங்குவது என்று முடிவெடுத்தால், நிபுணர் சான்றிதழ் இல்லாமல் ஒரு பைசாகூடக் கொடுக்காதீர்கள்.

ஆனால் முதல் நாள் உறையில் ஒரு குறை இருக்கிறது, அது சின்னக் குறை இல்லை. அந்த முத்திரையின் தேதி தபால்தலை வெளியான தேதி. தலைவர் மறைந்த நாளும் இடமும் அதில் இல்லை. டில்லியில் வாங்கினாலும் சென்னையில் வாங்கினாலும் படம் ஒன்றுதான். நம் ஊருக்கும் அந்த மரணத்துக்கும் என்ன உறவு என்று அந்த உறை சொல்லாது.

அதைச் சொல்வது இரண்டாவது வகை. யாரோ ஒருவர் யாருக்கோ எழுதிய சாதாரணக் கடிதம். உள்ளே தோல் விலையோ, பெண் பார்த்த செய்தியோ, பணம் கேட்டோ எழுதியிருக்கும். வெளியே முத்திரையில் அந்த ஊரும் அந்தத் தேதியும். எழுதியவருக்குத் தான் ஒரு சரித்திர ஆவணத்தைத் தபால் பெட்டியில் போடுகிறோம் என்று தெரிந்திருக்காது. எனக்கு இந்த வகைதான் உயர்ந்தது. வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இது கைக்கெட்டும் தூரத்திலும் இருக்கிறது.

பெரியார் 1973 டிசம்பர் 24 காலையில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் காலமானார். அன்று திங்கட்கிழமை. காலையிலேயே உயிர் பிரிந்துவிட்டதால், அன்று பகலில் வேலூரில் குத்திய முத்திரை எதுவானாலும் அது அவர் மறைவுக்குப் பிந்தையது. மறுநாள் கிறிஸ்துமஸ் விடுமுறை. அப்படியானால் வேலூர், 24 டிசம்பர் 1973 என்ற ஒரே ஒரு நாள் முத்திரைதான் தேடலின் இலக்கு. சென்னையிலோ மும்பையிலோ இருக்கும் வியாபாரிக்கு அது வெறும் 20 பைசா உறை. இங்கே இருக்கும் நமக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ராஜாஜி மறைந்தது 1972 டிசம்பர் 25. அதுவும் விடுமுறை நாள், முதல் நாள் ஞாயிறு வேறு. எனவே செவ்வாய்க்கிழமை 26ஆம் தேதி முத்திரையைத்தான் தேட வேண்டும். ராஜாஜிக்கும் வேலூருக்கும் உள்ள உறவு பழையது. ஒத்துழையாமை இயக்கத்தில் 1921 டிசம்பரில் கைதாகி 1922 மார்ச் வரை வேலூர் சிறையில் இருந்தார், அங்கே நாட்குறிப்பும் எழுதினார். இந்த உறையில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வங்கதேச அகதிகளுக்காக 1971 நவம்பர் 15 முதல் 1973 மார்ச் 31 வரை கடிதங்களுக்கு 5 பைசா கூடுதலாக ஒட்ட வேண்டியிருந்தது. 1972 டிசம்பர் 26 தேதியிட்ட உறை என்று யாராவது காட்டினால், வழக்கமான தபால்தலைக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன 5 பைசா தபால்தலை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள்.

காமராஜர் கதை இன்னும் கடினம். 1975 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று மறைந்தார். தபால் நிலையக் கவுன்டர்கள் மூடியிருந்த நாள். அந்தத் தேதியில் உறை கிடைத்தால் அநேகமாக ஆர்.எம்.எஸ்., அதாவது ரயில்வே தபால் பிரிப்பு நிலைய முத்திரையோடுதான் கிடைக்கும். மறுநாள் 3ஆம் தேதி வெள்ளிக்கிழமை, அதைத் தேடுவது நடைமுறைக்கு ஒத்துவரும். அதிலும் குடியாத்தம் முத்திரை கிடைத்தால் விடவே கூடாது. 1954இல் முதலமைச்சரானதும் அவர் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்த தொகுதி குடியாத்தம். அதற்கு முன்பு, 1940இல் கைதாகி வேலூர் சிறையில் இருந்தபோதுதான் விருதுநகர் நகராட்சித் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். குடியாத்தம், 3 அக்டோபர் 1975 என்ற முத்திரையும் 1976 முதல் நாள் உறையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் ஆல்பப் பக்கத்தை நினைத்தாலே மனம் நிறைகிறது.

நேரத்தையும் பார்க்க வேண்டும் என்பதற்கு ராஜீவ் காந்தி உதாரணம். நம் சென்னை சாலையில் உள்ள ஸ்ரீபெரும்புதூரில் 1991 மே 21 இரவு பத்து மணிக்கு மேல் அந்தக் கொடுமை நடந்தது. மே 21 முத்திரை விழுந்த கடிதங்கள் அநேகமாக எல்லாம் அவர் உயிரோடு இருந்தபோது குத்தியவை. 22ஆம் தேதி முத்திரைதான் பொருளுடையது. வியாபாரிகள் பலர் 21ஆம் தேதியை உயர்த்திச் சொல்வார்கள், ஏமாற வேண்டாம். அண்ணா விஷயத்தில் இந்தக் குழப்பம் இல்லை. 1969 பிப்ரவரி 3, நள்ளிரவு தாண்டியதும் மறைந்தார், அந்த நாள் முத்திரை முழுவதும் பொருந்தும்.

சரி, இவை எங்கே கிடைக்கும்? பழைய பேப்பர் கடைகளில், வீடு மாற்றும்போது பரணில் இருந்து இறங்கும் தகரப் பெட்டிகளில், ஆம்பூர் வாணியம்பாடி பக்கத்துப் பழைய வியாபாரக் குடும்பங்களின் கடிதக் கட்டுகளில். அந்தக் காலத்தில் வந்த கடிதங்களை ஒரு வளைந்த இரும்புக் கம்பியில் குத்தி வைப்பார்கள். அடியில் மரக்கட்டை, மேலே கொக்கி. அப்படிக் குத்தியிருந்த உறையை எடுத்துப் பார்த்தால் நடுவில் துருப்பிடித்த ஓர் ஓட்டை, அதைச் சுற்றிப் பழுப்பு வட்டம், பின்பக்கத்தில் போய்ச் சேர்ந்த ஊரின் டெலிவரி முத்திரை. ஓட்டை இருப்பதால் வியாபாரி விலையைக் குறைப்பார். நமக்கு அது நல்லது. ஓட்டை முத்திரை மேல் விழாமல் இருந்தால் தாராளமாக வாங்கலாம். அந்தத் துரு வட்டத்தைப் பொய்யாகச் செய்வது அவ்வளவு எளிதல்ல.

ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டு கேட்க வேண்டும். நம் வீடுகளில் சாவுச் செய்தி வந்த கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவார்கள், வீட்டுக்குள் வைத்திருக்க மாட்டார்கள். மூலையில் கறுப்பு மை தடவிய கார்டுகள் இன்று அபூர்வமாக இருப்பதற்கு அதுதான் காரணம். மறைவு உறை சேர்க்கிறேன் என்று சொன்னால் பெரியவர்கள் முகம் மாறும். நாம் கேட்பது இழவுக் கடிதம் இல்லை, குறிப்பிட்ட தேதியில் வந்த ஏதாவது ஒரு கடிதத்தின் உறைதான் என்று சொல்லிவிடுங்கள். கடிதத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். அடுத்தவர் குடும்ப விஷயம் நமக்குத் தேவையில்லை, உறை போதும். கொடுத்தால் தபால்தலையை வெட்டவோ தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்கவோ கூடாது. பிரித்த நிமிடமே அது உறை இல்லை.

போலியைக் கண்டுபிடிக்க நம் மாவட்டத்தின் சரித்திரமே கைகொடுக்கும். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் அந்த உறை 1972 ஆகஸ்ட் 15க்கு முந்தையதாக இருக்க முடியாது, அன்றுதான் பின்கோடு வந்தது. நேரு காலத்து உறை என்று 632001 போட்ட கவரைக் காட்டினால் கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம். 1989இல்தான் வட ஆற்காடு மாவட்டம் அம்பேத்கர் மாவட்டம், திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்று இரண்டானது. அதற்கு முந்தைய முகவரிகளில் வட ஆற்காடு என்றுதான் இருக்கும். 1973 உறையில் வேலூர் மாவட்டம் என்று அச்சடித்திருந்தால் சந்தேகம்தான். மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று ஆனது 1969 ஜனவரி 14, அண்ணா மறைவதற்கு மூன்று வாரத்துக்கு முன்னால். அதனால் அவருடைய மறைவு நாள் உறைகளில் பழைய பெயர், புதுப் பெயர் இரண்டும் வரலாம், இரண்டும் சரிதான். கடைசியாக, உறையை டியூப்லைட்டுக்குச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். முத்திரை வட்டம் பாதி தபால்தலை மேலும் பாதி உறை மேலும் தொடர்ந்து விழுந்திருக்க வேண்டும். கோடு ஒட்டும் இடத்தில் விலகியிருந்தால் வேறெங்கிருந்தோ எடுத்து ஒட்டிய தபால்தலை.

மூன்றாவது வகையான சிறப்பு உறைகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நூற்றாண்டு, நினைவு நாள், கண்காட்சி என்று ஏதாவது அமைப்பு கேட்டுக்கொள்ள, தபால் வட்டம் (தபால் துறையின் மாநில அளவிலான பிரிவு) அனுமதித்து, ஒரு நாள் முத்திரையோடு வெளியிடுவது. புதுத் தபால்தலை இருக்காது. விலை குறைவு, வெளியீட்டு நாளில் போனால் கையோடு வாங்கிவிடலாம். நம் ஊர் சம்பந்தப்பட்ட தலைவருக்கு வந்தால் ஒன்று வாங்கி வையுங்கள், அதையே குறிக்கோளாக்க வேண்டாம். தனியார் அச்சடித்து, பிற்காலத்தில் பழைய தபால்தலையை ஒட்டி முத்திரை வாங்கி விற்கும் பளபளப்பான உறைகளைத் தவிர்த்துவிடலாம். அந்தக் காசை முதல் நாள் உறைக்குக் கொடுப்பது மேல்.

வெளிநாட்டு வரிசையில் எல்லோரும் முதலில் சொல்வது சர்ச்சில். 1965 ஜனவரி 24 ஞாயிறு அன்று இறந்தார், 30ஆம் தேதி அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு. பிரிட்டன் அவருக்கு இரண்டு தபால்தலைகள் வெளியிட்டது ஜூலை 8 அன்றுதான், 4 பென்ஸ், 1 ஷில்லிங் 3 பென்ஸ். ஆக, இறுதிச் சடங்கு நாள் உறைகளில் அரசி படம் போட்ட வழக்கமான தபால்தலைகள்தான் இருக்கும். அவர் அடக்கமான பிளேடன் கிராமத்து முத்திரை உள்ள உறைக்கு அங்கே தனி மதிப்பு. நான் வேலூர் முத்திரைக்குச் சொல்லும் அதே நியாயம்தான். முதலாம் நினைவு நாளில் காமன்வெல்த் நாடுகள் பல ஒரே மாதிரியான தபால்தலைகளை வெளியிட்டன. கென்னடிக்கும் அப்படித்தான், 1963 நவம்பர் 22இல் சுடப்பட்டார், 1964 மே 29 அன்று, அவர் பிறந்த நாளில், அமெரிக்கா 5 சென்ட் தபால்தலை வெளியிட்டது. இவை லட்சக்கணக்கில் புழங்குவதால் விலை மலிவு, ஆல்பம் சீக்கிரம் நிரம்பும். உலக சரித்திரத்தில் ஆர்வம் உள்ளவருக்கு நல்ல தேர்வு. அவர் பிரதமராக இருந்தபோது நடந்த 1943 வங்கப் பஞ்சத்தைப் படித்த ஒருவருக்குச் சர்ச்சில் உறைகளை அடுக்கும்போது என்ன தோன்றும் என்பது அவரவர் மனசைப் பொறுத்தது. எனக்கு அதில் ஈடுபாடு இல்லை.

இப்போது யாருக்கு எது என்று பார்க்கலாம். பள்ளி, கல்லூரி மாணவர் என்றால் நேரு, சாஸ்திரி, இந்திரா, கலாம் முதல் நாள் உறைகளோடு தொடங்கட்டும். இனி வருபவற்றுக்குத் தலைமைத் தபால் நிலையத்தில் ஃபிலாட்டலி டெபாசிட் கணக்கு (தபால்தலை சேகரிப்பவர்கள் முன்பணம் கட்டி வைக்கும் கணக்கு) ஒன்று ஆரம்பித்துவிட்டால் உறைகள் வீட்டுக்கே வரும். சென்னைக்குப் போனால் அண்ணா சாலைத் தலைமைத் தபால் நிலையத்தில் உள்ள ஃபிலாட்டலி பிரிவை எட்டிப் பாருங்கள். வேலைக்குப் போகிறவர், வாரக்கடைசியில் அலைய முடியும் என்றால், அண்ணா, ராஜாஜி, பெரியார், காமராஜர் நால்வருக்கும் முதல் நாள் உறை ஒவ்வொன்று வாங்கி வைத்துவிட்டு, மீதிக் காசையும் நேரத்தையும் வட ஆற்காட்டு முத்திரைத் தேடலில் போடுவதுதான் நான் சொல்வது. நாலு பேரும் அதிகம் என்று தோன்றினால் ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரியாருக்கு வேலூர், காமராஜருக்குக் குடியாத்தம். ஊரீசு கல்லூரியில் படித்த ராதாகிருஷ்ணனைத் தேர்ந்தெடுத்தாலும் தவறில்லை, அவர் மறைந்தது 1975 ஏப்ரல் 17. பணம் ஒரு பொருட்டில்லை, நாளை விற்றாலும் நஷ்டம் வரக் கூடாது என்பவருக்குச் சான்றிதழோடு கூடிய காந்தி உறை. உள்ளூர் முத்திரை உறைகளை முதலீடாக நினைக்கவே கூடாது. விற்கப் போனால் வாங்க ஆள் தேட வேண்டியிருக்கும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் வேலூர் வெயிலைக் கணக்கில் வைக்க வேண்டும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள பரணில் வைத்தால் சித்திரை வைகாசியில் கோந்து இளகி உறை பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொள்ளும், ஐப்பசி மழையில் பழுப்புப் புள்ளி விழும். கடையில் கிடைக்கும் மெல்லிய பி.வி.சி. கவர்கள் வேண்டாம், பாலிபுரொப்பிலீன் அல்லது மைலார் உறைகளைக் கேட்டு வாங்குங்கள். லேமினேஷன், செல்லோடேப் இரண்டும் கூடவே கூடாது. கீழ்த்தளத்தில், வெளிச்சுவரில் ஒட்டாமல் நிற்கும் பீரோவின் நடுத்தட்டு நல்ல இடம். உறைகளைப் படுக்கப் போட்டு அடுக்காமல் நிற்க வையுங்கள், மேலே பாரம் வைக்காதீர்கள். எங்கே, யாரிடம், எப்போது கிடைத்தது என்பதைத் தனிச் சீட்டில் பென்சிலால் எழுதி உறைக்குப் பின்னால் செருகி வையுங்கள், உறையின் மேல் எதையும் எழுத வேண்டாம்.